தரிசனத்துக்குப் பின் ஒரு தாள், சில வண்ணப் பென்சில்கள்

பூந்தமல்லி ஸ்ரீ வரதராஜப் பெருமாள் கோயிலில் மாலைத் தீபாராதனை முடிந்து ஒரு பெரியவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே பேரக்குழந்தை எதிர்ப்பட்டு, "தாத்தா, இன்றைக்குப் பெருமாள் என்ன நிறப் பட்டு உடுத்தியிருந்தார்? கரை என்ன நிறம்? மாலை முழுவதும் துளசியா, நடுவில் சம்பங்கியும் இருந்ததா?" என்று கேட்கிறது. எத்தனை பேரால் தயங்காமல் விடை கூற இயலும்?

கற்பூர ஒளியில் திருமேனி துலங்குவது சில விநாடிகளே. அந்தச் சில விநாடிகளிலும் பலர் கைகூப்பிக் கண்களை மூடிக்கொள்கின்றனர். பக்தியில் குறைவில்லை, ஆனால் கண் எதைக் கண்டது என்று கேட்டால் மனம் திகைக்கிறது. காணச் சென்றவர் காணாமலே திரும்பிய இந்தக் குறையைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. அது ஒரு தாளும், பன்னிரண்டு வண்ணப் பென்சில்களும்.

சில்பி காட்டிய வழி

இவ்வழியில் முன்சென்ற பெரியவர் ஒருவரை மூத்த வாசகர்கள் பலரும் அறிவர். நாமக்கல்லில் 1919-ஆம் ஆண்டு பிறந்த பி.எம். சீனிவாசன், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்று ஆனந்த விகடனில் ஓவியராகச் சேர்ந்தார். 'சில்பி' என்ற பெயரில் அவர் வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடர் ஆண்டுக்கணக்கில் வெளிவந்தது. தென்னகத்துக் கோயில்களின் தெய்வத் திருமேனிகளும், தூண்களும், சிற்பங்களும் அவருடைய கோடுகளின் வழியே இல்லந்தோறும் எழுந்தருளின. அப்பக்கங்களை வெட்டியெடுத்துப் பாதுகாத்த குடும்பங்கள் இன்றும் உண்டு. 1983-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

சில்பி கோயிலுக்கே சென்றார். சிற்பத்தின் எதிரே அமர்ந்தார். பார்த்துப் பார்த்து வரைந்தார். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் கடந்து சென்ற தூணின் முன் அவர் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார். ஆகவேதான் காதணியின் வளைவும், விரல் நகத்தின் நுனியும் அவருடைய படத்தில் தவறாமல் இடம்பெற்றன. அவருடைய கைத்திறன் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அவருடைய பொறுமையான பார்வையை எவரும் பழகிக்கொள்ளலாம். பென்சிலைக் கையில் எடுத்த மறுகணமே, "இந்த இதழ் எங்கே தொடங்குகிறது? இந்த நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?" என்று கண் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

முதுமைக்கு ஏன் வண்ணப் பென்சில்?

எண்ணெய் வண்ணத்துக்கு நெடி உண்டு. நீர் வண்ணத்துக்குக் கிண்ணமும் தூரிகையும் வேண்டும். ஒரு துளி சிந்தினால் படம் கெடும். வண்ணப் பென்சிலுக்கு இவை எவையும் வேண்டா. பூஜை மணி ஒலித்தால் அப்படியே வைத்துவிட்டு எழலாம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மற்றொரு நன்மையும் உண்டு. சாதாரணப் பென்சிலின் உட்கூறு கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சூளையில் சுடப்படுவது. வண்ணப் பென்சிலின் உட்கூறோ நிறமிப் பொடியை மெழுகுடனும் பசையுடனும் கலந்து செய்யப்படுவது. சுட்டால் நிறமும் மெழுகும் கெடும் என்பதால் அதைச் சுடுவதில்லை. ஆகவே அது மென்மையாக இருக்கிறது. மெல்ல மெல்லத்தான் நிறம் ஏறுகிறது. "கை நடுங்குகிறதே" என்று கவலைப்படும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரே அழுத்தமான கோட்டில் நடுக்கம் தெரியும். மென்மையாக ஐந்தாறு முறை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்க்கும்போது நடுக்கம் நிறத்துக்குள் கரைந்துவிடுகிறது.

தொடங்கும் வயது கடந்துவிட்டது என்ற எண்ணமும் வேண்டா. இங்கிலாந்தில் 1700-ஆம் ஆண்டு பிறந்த மேரி டிலானி என்ற பெண்மணி, தம் எழுபத்திரண்டாம் வயதில் வண்ணத் தாள்களை நுணுக்கமாக வெட்டி ஒட்டிப் பூக்களின் உருவங்களை அமைக்கத் தொடங்கினார். கண் மங்கிக் கைவிடும் வரை சுமார் பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் பூக்களை முடித்தார். அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

முதலில் அறிய வேண்டியவை

தாள் சற்றே சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். திருமண அழைப்பிதழின் பளபளப்பான பின்பக்கத்தில் மெழுகு பிடிக்காது; மாணவர்களின் டிராயிங் நோட்டுத் தாளே போதும். பென்சில் கீழே விழுந்தால் மரத்துக்குள்ளேயே உட்கூறு துண்டு துண்டாக உடையும். பிறகு சீவச் சீவ ஒடிந்துகொண்டே இருக்கும். ஆகவே மேசையின் ஓரத்தில் வைக்காமல், விளிம்புள்ள ஒரு தட்டில் வைப்பது நலம்.

விரல் மூட்டு வலி உள்ளவர்கள் பென்சிலின் மேல் பழைய துணிப் பட்டையைச் சுற்றி நூலால் கட்டிக்கொண்டால் பிடி பருமனாகும். இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது. பென்சிலின் நுனியருகே பிடிப்பதைவிட, சற்று மேலே தள்ளிப் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். அப்போது கையின் நிழல் படத்தின் மேல் விழாது.

கண்புரை உள்ளவர்களுக்கு நிறங்கள் பழுப்பேறித் தோன்றும், நீலம் மங்கும். பிரெஞ்சு ஓவியர் மோனே இக்குறையால் பல ஆண்டுகள் துன்புற்று, 1923-ஆம் ஆண்டு அறுவை செய்துகொண்டார். அதன்பின் அவர் கண்ட நிறங்களே மாறின. ஆகவே நீலமும் ஊதாவும் குழப்பம் தந்தால், பென்சில்களின் மேல் நிறத்தின் பெயரைச் சிறு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

எந்தப் படத்துக்கும் பொருந்தும் விதிகள் மூன்று. வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் பின்னர். அழுத்தம் முதலில் குறைவு, இறுதியில்தான் மிகுதி. நிழலுக்குக் கறுப்பைத் தேடுதல் கூடாது. சிவப்பின் நிழலுக்குக் கரும்பச்சையையும், மஞ்சளின் நிழலுக்குப் பழுப்பையும் ஊதாவையும் மெல்லப் பூசினால் நிறம் உயிருடன் இருக்கும்.

விளையாட்டாகச் சில பயிற்சிகள்

முதல் பயிற்சி, மாயக் கோலம். மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா ஒன்று போதும். தாளின் அடியில் நாலைந்து செய்தித்தாள்களை மெத்தைபோல் வைத்து, அந்தப் பேனாவால் சற்று அழுத்திப் புள்ளி வைத்துக் கோலம் இட வேண்டும். தாளில் ஒன்றும் தெரியாது. பள்ளம் மட்டும் விழுந்திருக்கும். பின்னர் செங்காவி நிறப் பென்சிலைப் படுக்கைவசமாகப் பிடித்து மேலே தேய்த்தால், பள்ளத்துக்குள் நிறம் இறங்காமல், செம்மண் தரையில் மாக்கோலம் இட்டாற்போல் வெள்ளைக் கோடுகள் எழும். பாட்டி மறைத்திட்ட கோலத்தைப் பேத்தி தேய்த்துக் கண்டுபிடிக்கலாம். மார்கழிக் கோலங்களை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க இதைவிட இனிய வழி அரிது.

இரண்டாவது, இலை தோன்றும் விளையாட்டு. அரச இலையை அல்லது வில்வ இலையை, நரம்புகள் புடைத்த பின்பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, அதன்மேல் மெல்லிய தாளை விரித்துப் பச்சைப் பென்சிலால் படுக்கைவசமாகத் தேய்க்க வேண்டும். நரம்புகள் ஒன்றுவிடாமல் தாளில் வந்து நிற்கும். மரத்திலிருந்து பறிக்க வேண்டியதில்லை. பிரகாரத்தில் உதிர்ந்து கிடக்கும் இலையே போதும். பழைய நாணயங்களையும் இவ்வாறே தேய்த்து எடுக்கலாம்.

மூன்றாவது, மல்லிகைச் சரம். இது பூந்தமல்லிக்கே உரியது. ஊரின் பழம்பெயர் பூவிருந்தவல்லி. பதினோராம் நூற்றாண்டில் இங்கு அவதரித்த திருக்கச்சி நம்பிகள், இங்கே நந்தவனம் அமைத்து, மலர் பறித்துத் தொடுத்து, காஞ்சி வரதருக்குச் சாற்றக் கொண்டுசென்றார் என்பது வரலாறு. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை வரைவது எப்படி? பூவை வரையாமல் பூவைச் சுற்றியுள்ள இடத்தை வரைய வேண்டும். பூவின் விளிம்பை மிக மெல்லிய கோட்டால் குறித்துக்கொண்டு, வெளியே கரும்பச்சையைச் சிறுகச் சிறுகப் பூச வேண்டும். இதழ்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் இளம்பச்சையும் வெளிர் ஊதாவும் சிறிது. தாளின் வெண்மையே மல்லிகையாக மலர்ந்துவிடும்.

நான்காவது, குத்துவிளக்கு. பித்தளைக்குப் 'பித்தளை நிறம்' என்று தனிப் பென்சில் தேவையில்லை. விளக்கில் ஒளி பளிச்சிடும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மற்ற இடமெங்கும் முதலில் இளமஞ்சளும், அதன்மேல் ஆரஞ்சும், ஓரங்களில் பழுப்பும், மிக இருண்ட விளிம்பில் சிறிது கருநீலமும் ஏற்ற வேண்டும். இறுதியில் இளமஞ்சளையே மீண்டும் எடுத்து அழுத்தித் தேய்த்தால், எல்லா நிறங்களும் ஒன்றுகலந்து துலக்கிய விளக்குபோல் மின்னும். சில நாள்களில் மேலே வெண்மை பூத்தாற்போல் தோன்றினால் அஞ்ச வேண்டா. மெழுகு மேலெழுந்ததே காரணம். மென்துணியால் மெல்ல ஒற்றினால் போய்விடும்.

ஐந்தாவது, கோபுரம். கோயில் தெருவில் நின்று முதலில் எண்ண வேண்டும்: நிலைகள் எத்தனை, கலசங்கள் எத்தனை? ஆண்டுக்கணக்கில் வணங்கிவரும் கோபுரத்தின் கலச எண்ணிக்கை நினைவில் இல்லாதவர்களே மிகுதி. எண்ணி வந்தபின் வீட்டில், அடியில் அகன்றும் உச்சியில் ஒடுங்கியும் உள்ள ஒரு வடிவத்தை வரைந்து, அதை நிலைகளாகப் பிரிக்க வேண்டும். மேலே செல்லச் செல்ல நிலைகளின் உயரமும் குறைவதைக் கவனித்தால் கோபுரம் தாளில் தானாகவே உயர்ந்து நிற்கும்.

தரிசனப் பேரேடு

"வரையவே வராது" என்று உறுதியாகச் சொல்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கணக்குப் பேரேடு எழுதுவதுபோல் ஒரு குறிப்பேடு. கோயிலுக்குச் சென்று வந்த நாளில் தேதி, திதி, கோயிலின் பெயர் ஆகியவற்றை எழுதி, அருகே நான்கு சிறு கட்டங்கள் இட வேண்டும். முதல் கட்டத்தில் பட்டின் நிறம். இரண்டாவதில் கரையின் நிறம். மூன்றாவதில் மாலையின் நிறங்கள். நான்காவதில் பிரசாதத்தின் நிறம். சர்க்கரைப் பொங்கலா, புளியோதரையா என்பதைப் பழுப்பும் மஞ்சளும் சொல்லிவிடும்.

இதற்கு ஓவியத் திறன் சிறிதும் தேவையில்லை. ஆனால் அடுத்த முறை சந்நிதியில் நிற்கும்போது கண்கள் மூடிக்கொள்ள மறுக்கும். வீட்டுக்குச் சென்று கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்ற நினைவு, திருமுடியிலிருந்து திருவடி வரை பார்வையை நடத்திச் செல்லும். மாங்காட்டுக் காமாட்சியும், திருவேற்காட்டுக் கருமாரியும், திருமழிசை ஜகந்நாதப் பெருமாளும் இவ்வாறு ஒரே ஏட்டில் நாள்வாரியாக எழுந்தருளினால், ஓராண்டுக்குப் பின் அது ஒரு குடும்பத்தின் பக்திக் கணக்காகவே அமையும்.

கருவறையைக் கைப்பேசியில் படம் பிடிப்பது முறையன்று. கோயிலுக்குள் அமர்ந்து வரைய விரும்புவோர் நிர்வாகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். நினைவில் ஏற்றி வந்து வீட்டில் வரைவதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை.

தெய்வ உருவை வரையலாமா?

பெரியவர்கள் பலரைத் தயங்க வைக்கும் வினா இது. கை தவறி, திருமுகம் கோணலாக அமைந்துவிட்டால் அபசாரம் ஆகாதா? இவ்வச்சம் மதிக்கத்தக்கது. சிற்ப நூல்கள் அளவுக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகின்றன என்பதை எண்ணினால் அது புரியும். முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட 'தாளம்' என்ற அளவால் திருமேனியை அமைப்பது ஸ்தபதியர் மரபு. முதன்மையான மூர்த்திகளுக்கு உரிய உத்தம தசதாளத்தில் முழு உயரம் 124 பாகங்களாகப் பகுக்கப்படும்.

ஆகவே தொடக்கத்தில் இறைவனைச் சூழ்ந்துள்ள பொருள்களை வரைவது நலம்: சங்கு, சக்கரம், வேல், மயிலிறகு, துளசி மாடம், மணி, தேர். இவற்றில் கை பழகிய பின் பிள்ளையாரிடம் செல்லலாம். எச்செயலையும் பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் மரபினருக்கு அவரே முதல் உருவமாக அமைவது பொருத்தம். அவருடைய திருமேனி ஐந்து தாள அளவினது. பருத்த வயிறும் குறுகிய கால்களும் கொண்ட அவ்வடிவம், பயிலும் கையின் பிழைகளைப் பொறுத்தருளும்.

ஸ்தபதியர் விக்கிரகத்தின் கண்களை இறுதியில்தான் திறப்பர். வீட்டில் வரைபவரும் அம்மரபைப் பின்பற்றலாம். ஆடை, அணி, மாலை அனைத்தையும் முடித்து, நீராடித் தூய்மையாக அமர்ந்து, இறுதியாகக் கண்களை எழுதலாம். முடிந்த தாள்களைக் குப்பையில் இடாமல் ஒரே ஏட்டில் தொகுத்து வைக்க வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டினால் இளஞ்சிவப்பு, ஊதா போன்ற நிறங்கள் வெளிறக்கூடும். மூடிய ஏட்டில் நீண்டநாள் நிலைக்கும்.

நடக்க இயலாத நாளில்

திருக்கச்சி நம்பிகளின் வரலாற்றுக்கு இங்கே ஒருமுறை திரும்புவது தகும். காஞ்சியில் வரதருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் அவருடையது. விசிறும் வேளையில் பெருமாள் அவருடன் உரையாடுவார் என்பர். இராமானுசரின் ஐயங்களுக்கு வரதர் அருளிய 'ஆறு வார்த்தைகள்' இவர் வாயிலாகவே வெளிப்பட்டன. பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். அத்தொலைவைப் பூக்கூடையுடன் கடந்த கால்கள், முதுமையில் தளர்ந்தன. வரதரைக் காண இயலாமல் அவர் வருந்தியபோது, வரதரே பூவிருந்தவல்லிக்கு எழுந்தருளித் தரிசனம் தந்தார் என்கிறது தலவரலாறு. திருவரங்கத்து அரங்கனும் திருமலை ஸ்ரீநிவாசனும் உடன் வந்தனர். அதனால்தான் மூவரையும் இக்கோயிலில் இன்றும் ஒருங்கே சேவிக்க முடிகிறது.

முழங்கால் வலியால் படியேற இயலாதவர்களும், மகன் வீட்டில் அடுக்குமாடியின் உயரத்தில் அமர்ந்து, கேட்டுப் பழகிய கோயில் மணியோசை எட்டாமல் ஏங்குபவர்களும் பூந்தமல்லியிலும் உண்டு. கடல் கடந்த ஊர்களிலும் உண்டு. நம்பிகளுக்குக் கிடைத்த பேறு எல்லோருக்கும் கிட்டும் என்று சொல்ல இயலாது. ஆயினும் கால்கள் நன்றாக இருந்த நாள்களில் கண்ணாரக் கண்டு, கட்டம் கட்டமாக நிறம் தீட்டி வைத்தவர்களிடம் ஓர் ஏடு இருக்கும். அதைப் பிரித்தால் சென்ற புரட்டாசிச் சனிக்கிழமையின் மஞ்சள் பட்டும், பச்சைக் கரையும், துளசிக்கு நடுவே வெண்மையாகச் சிரிக்கும் சம்பங்கியும் மடியிலேயே வந்து அமரும்.

பேரக்குழந்தை மறுபடியும் கேட்கும்: "தாத்தா, பெருமாள் என்ன நிறப் பட்டு உடுத்தியிருந்தார்?" அன்று விடையைத் தேட வேண்டியிராது. பென்சில் பெட்டியைத் திறந்து, அந்த நிறத்தையே எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்துவிடலாம்.